ஆறு தூங்கிடுச்சா, பார்த்துட்டு வா!

பூவத்துக்கு வடக்கே நண்டலாறு. பாலத்துக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு, இந்தப் பக்கம் புதுச்சேரியைச் சேர்ந்த காரைக்கால். அங்கிருந்து இங்கே வருகிறவர்கள் எதற்காக வருகிறார்கள் என்பது ஊரறிந்த ரகசியம். கடைவாசலில் அவர்களுக்கு மூன்று வாக்கியம் போதும். "அண்ணே, ஒரு குவார்ட்டர்." "கூலிங்கா இருக்கா?" "சில்லறை இல்லன்னா மிக்சரா குடுத்துடுங்க." திரும்பிப் போகையில் சோதனைச்சாவடியில் நாலாவதாக ஒன்று: "சத்தியமா ஒண்ணும் இல்ல சார்." எல்லை தாண்டிப் போய்வர இவ்வளவுதான் பாஷை. கையேடு போட்டால் கால் பக்கம் தேறாது.

அந்தப் பக்கமே இன்னும் கொஞ்சம் வடக்கே போனால் பொறையார், அதையும் தாண்டினால் தரங்கம்பாடி. 1706 ஜூலை 9ஆம் தேதி அங்கே கப்பலிலிருந்து இறங்கிய ஓர் ஆளுக்குக் கால் பக்கம் போதவில்லை. இரண்டு வருஷத்தில் 20,000 சொல் சேர்த்தார். அதுவும் பற்றாமல் மேலே மேலே சேர்த்துக்கொண்டே போனார். நடுவில் ஜெயிலுக்கும் போனார். தமிழ் படித்ததற்காக இல்லை; இருந்தாலும் தமிழ் படித்தவனுக்கு நேரம் சரியிருக்காது என்று நம் வீடுகளில் சொல்வது அன்றைக்கே செல்லுபடியாகியிருக்கிறது.

பெயர் பர்த்தலோமேயு சீகன்பால்க். சொந்த ஊர் ஜெர்மனியின் சாக்சனியில் புல்ஸ்னிட்ஸ். வயது இருபத்துமூன்று, இருபத்துநான்கு இருக்கும். நோஞ்சான் உடம்பு, படிப்பைப் பாதியில் விட வைத்த வயிறு. கூட வந்தவர் ஹைன்ரிக் புளூட்சாவ். அனுப்பி வைத்தவர் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக். டென்மார்க் ராஜா ஏன் ஜெர்மன்காரரை அனுப்பினார் என்று கேட்கக் கூடாது. கிறிஸ்தவம் பரப்ப வெயிலுக்குப் போகிறாயா என்று சொந்த ஊரில் கேட்டால் ஆள் கிடைக்கவில்லை. பக்கத்து நாட்டில் இரண்டு பேர் கிடைத்தார்கள். நாற்று நட ஆள் கிடைக்காமல் வடக்கேயிருந்து கூட்டி வருகிற நமக்கு இது புரியாத விஷயமில்லை.

அப்போது தரங்கம்பாடிக் கோட்டை டேனிஷ்காரர்கள் கையில். 1620இல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் போட்டு, வாடகை பேசிப் பிடித்த இடம். நாயக்கர் டென்மார்க் அரசருக்குத் தங்கத் தகட்டில் தமிழில் ஒரு கடிதம் எழுதி அனுப்பினார். அந்தத் தகடு இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது. அன்றைக்குக் கோபன்ஹேகனில் அதை யார் வாசித்துக் காட்டியிருப்பார்கள் என்று யோசித்தால் சிரிப்பு வருகிறது. தங்கம் என்கிற பாஷை மட்டும் எல்லோருக்கும் சட்டென்று புரிந்திருக்கும்.

ஆக, சீகன்பால்க் வந்தபோது டேனிஷ்காரர்கள் இங்கே குடியிருக்க ஆரம்பித்து 86 வருஷம். அத்தனை வருஷமும் வியாபாரம் எந்த பாஷையில் நடந்தது? போர்த்துகீசியத்தில். போர்த்துகீசியர்கள் கடற்கரையில் நொடித்துப்போய்ப் பல காலம் ஆகிவிட்டது. மொழியை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். டேனிஷ்காரர் ஓட்டைப் போர்த்துகீசியத்தில் துபாஷியிடம் சொல்வார், துபாஷி அதைத் தமிழாக்கி நெசவாளியிடம் சொல்வார், இரண்டுக்கும் நடுவில் விலை எவ்வளவு ஏறியது என்பது துபாஷிக்கும் அவர் வீட்டம்மாளுக்கும் மட்டும் தெரியும். இந்த ஏற்பாட்டில் எல்லோருக்கும் திருப்தி. இதைக் கெடுக்க ஒருவன் தமிழ் படிக்கிறேன் என்று வந்தால் யாருக்குப் பிடிக்கும்?

கோட்டைத் தளபதி ஹாசியஸுக்குப் பிடிக்கவில்லை. ராஜாவின் கடிதத்தோடு வந்த இரண்டு பேரையும் வாசலில் நெடுநேரம் நிற்கவைத்தார். உங்களுக்கு இங்கே என்ன வேலை என்கிற மாதிரி பேசிவிட்டுத் தெருவிலேயே விட்டுவிட்டுப் போனார். டேனிஷ் வியாபாரக் கம்பெனி ஆள் ஒருவர் இரக்கப்பட்டு ஜாகை ஏற்பாடு செய்தார். தலைமை அலுவலகத்திலிருந்து சிபாரிசுக் கடிதத்தோடு வருகிறவனைக் கிளை அலுவலகத்துக்காரர்கள் எப்படி வரவேற்பார்கள் என்பதற்குத் தஞ்சாவூர் ஜில்லாவில் பதிவான முதல் சாட்சியங்களில் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பாஷை தெரியாமல் பிரசங்கம் பண்ண முடியாது. முதலில் போர்த்துகீசியம் படித்தார்கள், தமிழுக்குப் போகும் வழி அதுதான் என்று. பிறகு எழுபது வயதுத் திண்ணைப் பள்ளி வாத்தியார் ஒருவரைப் பிடித்து, பள்ளிக்கூடத்தையே தங்கள் வீட்டுக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். அவரும் பையன்களை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

இந்த வகுப்பறையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். தரையில் மணல் பரப்பியிருக்கிறது. ஐந்து வயது, ஆறு வயதுப் பொடியன்கள் வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஆள்காட்டி விரலால் மணலைக் கீறி, கீறிய எழுத்தை உரக்கக் கத்துகிறார்கள். கத்தி முடித்ததும் உள்ளங்கையால் ஒரு தடவு; எழுத்து போயிற்று, அடுத்தது. வரிசைக் கடைசியில் கம்பளி மேலங்கியில் வெந்துகொண்டிருக்கும் இரண்டு ஜெர்மன் பாதிரியார்கள். சம்மணம் போட வராத கால். மணலில் விரல். பக்கத்துப் பையன் என்ன கீறுகிறானோ அதைப் பார்த்து இவர்களும் கீறுகிறார்கள். காப்பியடிப்பது தமிழ்நாட்டுப் பள்ளிகளில் எப்போது தொடங்கியது என்று தேடுகிறவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

எழுத்து வந்துவிட்டது. அர்த்தம் வரவில்லை. வாத்தியாருக்குப் போர்த்துகீசியம் தெரியாது, பாதிரியாருக்குத் தமிழ் தெரியாது. 247 எழுத்தையும் கற்றுத் தேர்ந்து, ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

அப்போதுதான் அழகப்பன் வருகிறார். கம்பெனியில் தலைமைத் துபாஷியாக இருந்தவர். போர்த்துகீசியம், டேனிஷ், ஜெர்மன், டச்சு நாலும் பேசுவார். ஐரோப்பியர்கள் இவர் பெயரை 'அலெப்பா' என்று எழுதி வைத்தார்கள். இவரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார்கள். இனிமேல்தான் உண்மையான பாடம்.

அந்தப் பாடத்தில் நடந்த பேச்சு எந்த ஆவணத்திலும் இல்லை. கீழே வருவது என் கற்பனைதான். ஆனால் இப்படி ஒன்று நடக்காமல் இருந்திருந்தால் அது தமிழ்நாடாகவே இருந்திருக்காது.

"அழகப்பரே, வீடு கட்ட இடம் கேட்டேன். மிராசுதார் 'பார்க்கலாம்' என்றார். எப்போது பார்ப்பார்?"

"பார்க்க மாட்டாருங்க ஐயா. பார்க்கலாம்னா இல்லைன்னு அர்த்தம்."

"நேற்று இன்னொருவர் 'கண்டிப்பா பார்க்கலாம்' என்றாரே?"

"அவரு உங்களைத் தெருவுல பார்த்தாலும் இனிமே நிக்க மாட்டாருங்க."

"அப்படியானால் இல்லை என்பதற்கு என்னதான் சொல்வார்கள்?"

"நாளைக்கு வாங்கம்பாங்க."

"நாளைக்கு என்பதற்கு?"

"அதான் ஐயா, பார்க்கலாம்."

இதையெல்லாம் எந்த நிகண்டில் தேடுவது? இங்கேதான் சீகன்பால்கின் கஷ்டமும் கெட்டிக்காரத்தனமும். நம் புலவர்கள் ஆயிரம் வருஷமாக இலக்கணம் எழுதியிருந்தார்கள். தொல்காப்பியம் இருந்தது, நன்னூல் இருந்தது, யானைக்கு எத்தனை பெயர் என்று பட்டியல் போட்ட நிகண்டுகள் இருந்தன. "தண்ணி கொண்டாப்பா" என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. எதற்கு எழுத வேண்டும்? அம்மாவிடமே வந்துவிடுகிறதே. பேசுகிற தமிழை எழுதிப் பிடித்துவைக்க வேண்டிய அவசரம் தாகமெடுத்து, கேட்கத் தெரியாமல் நின்றவனுக்குத்தான் வந்தது. நம்முடைய அன்றாடப் பேச்சின் ஆதிக் கணக்குப்பிள்ளைகளில் பாதிப் பேர் தமிழ் தெரியாத ஆசாமிகள் என்பதற்கு இதுதான் காரணம். நமக்குக் கொஞ்சம் வெட்கக்கேடுதான், ஆனால் காரணம் காரணம்தான்.

இந்த வழக்கத்தைத் தொடங்கியதும் அவரில்லை. 1554இலேயே லிஸ்பனில் ஒரு தமிழ் வேதப் புத்தகம் அச்சாயிற்று. அதில் ஒரு தமிழ் எழுத்துகூடக் கிடையாது. தமிழை முழுக்க ரோமன் எழுத்தில் போட்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் போர்த்துகீசியப் பொருள் கொடுத்திருந்தார்கள். வாட்ஸ்அப்பில் 'எப்டி இருக்க' என்பதை இங்கிலீஷ் எழுத்தில் தட்டுகிற பிள்ளைகளைத் திட்டும் பெரியவர்கள் இதைக் கேட்டால் சோர்ந்துபோவார்கள். தமிழ் அச்சேறியதே அப்படித்தான். தமிழ் எழுத்திலேயே கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாக 1578 ஆயிற்று. அதுவும் 16 பக்கம்.

சீகன்பால்க் எட்டே மாதத்தில் தமிழ் படிக்க, எழுத, பேச வந்துவிட்டது என்று ஊருக்கு எழுதினார். முப்பது நாளில் எந்த பாஷையும் என்று பஸ் ஸ்டாண்டில் புத்தகம் விற்கிறவர்கள் இதை விளம்பரத்தில் போடமாட்டார்கள். ஏனென்றால் அவருடைய கால அட்டவணை பயங்கரமானது. காலை ஏழிலிருந்து எட்டு வரை பழைய சொற்களை உருப்போடுவது. எட்டிலிருந்து பன்னிரண்டு வரை, படிக்காத தமிழ் ஏடுகளைப் படிப்பது. பக்கத்தில் ஒரு வயதான புலவர், ஓர் எழுத்தர். செய்யுள் கடினமாக இருந்தால் புலவர் அதைப் பேச்சுத் தமிழில் சொல்ல வேண்டும். புதுச்சொல் வந்தால் எழுத்தர் உடனே குறிக்க வேண்டும். சாப்பிடும்போதும் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். மூன்று மணியிலிருந்து ஐந்து வரை மறுபடி ஏடு. ராத்திரி ஏழிலிருந்து எட்டு வரை, கண்ணுக்கு ஓய்வு கொடுக்க, வேறொருவர் வாசிக்கக் கேட்பது. நான் அனுதாபப்படுவது அந்தப் புலவருக்காக. வாழ்நாளெல்லாம் தன் பாட்டுக்குக் காது கொடுக்க ஆள் தேடியிருப்பார். கடைசியில் கிடைத்தவனோ தினம் நாலு மணி நேரம் விடாமல், 'இதைச் சாதாரணமாகச் சொன்னால் எப்படி?' என்று கேட்கிறான். புலவரிடம் கேட்கக் கூடாத ஒரே கேள்வி அது.

படிக்க ஏடு வேண்டுமே. ஆட்களைக் கிராமம் கிராமமாக அனுப்பினார். பிராமண விதவைகளிடம் வீட்டில் கிடக்கும் சுவடிகள் மலிவாகக் கிடைக்கின்றன என்று அவரே எழுதியிருக்கிறார். புருஷன் போன பிறகு பரணில் கிடந்த கட்டுகளை அந்த அம்மாள்கள் இரண்டு பணத்துக்குத் தள்ளிவிட்டது சோகமா, நிம்மதியா என்பதை அந்தப் புருஷன்களைத் தெரிந்தவர்கள்தான் சொல்ல வேண்டும். இப்படிச் சேர்ந்த நூல்களுக்கு 1708இல் ஒரு பட்டியல் போட்டார்: திருக்குறள் உட்பட 119 தமிழ் நூல்கள், ஒவ்வொன்றுக்கும் குறிப்போடு. அதே வருஷம் கொன்றைவேந்தன், உலகநீதி, நீதிவெண்பா மூன்றையும் ஜெர்மனில் பெயர்த்தார். நம் வீட்டுப் பையன்கள் அந்த மூன்றில் எதை முழுசாகச் சொல்வார்கள் என்று கேட்டு யாரையும் சங்கடப்படுத்த விரும்பவில்லை.

அந்த வருஷக் கடைசியில்தான் ஜெயில். ஒரு விதவையின் வழக்கில் தலையிட்டு நியாயம் பேசப் போனார். தளபதி ஹாசியஸ் தூக்கி உள்ளே போட்டார். நாலு மாதம். முதலில் பேனாவும் மையும்கூடக் கொடுக்கவில்லை. மூன்று வேளையும் பிறரை வாசிக்கவைத்த மனிதருக்கு இது கொடுமை. அந்த நாலு மாதமும் வயதான புலவர் கடற்கரையில் காற்று வாங்கியிருப்பார் என்று நம்ப ஆசை.

வெளியே வந்து சில வருஷத்தில் புதுத் திட்டம். 1712இலிருந்து தமிழர்களுக்குக் கேள்விகளை எழுதி அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்க ஆரம்பித்தார்கள். சமயம், சாதி, கல்யாணம், வைத்தியம், கிறிஸ்தவர்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள், எல்லாம். வந்த 99 கடிதங்கள் ஜெர்மன் ஆகி ஹாலே நகரத்தில் அச்சாயின. நிறையக் கடிதங்களை அழகப்பனே எழுதியிருக்கலாம் என்று ஆராய்ச்சிக்காரர்கள் சந்தேகப்படுகிறார்கள். நாலு பாஷை தெரிந்த துபாஷி, கடிதத்துக்கு இவ்வளவு என்று கிடைக்கிற இடத்தில் கைகட்டி உட்கார்ந்திருப்பார் என்றா நினைத்தார்கள்? யார் எழுதினாலும் பதில் காரமாக இருந்தது. கிறிஸ்தவர்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்ற கேள்விக்கு வந்த புகார்: மாட்டைத் தின்கிறார்கள், குளிப்பதில்லை, வெளியே போய்வந்தால் கழுவுவதில்லை, வீட்டுக்குள்ளேயே துப்புகிறார்கள், குடிக்கிறார்கள். பாதிரியார் இதை வரி விடாமல் மொழிபெயர்த்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு. கடைசிக் குற்றச்சாட்டைப் பொறுத்தவரை, வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூவத்தில் நின்று பார்க்கிறவர்கள் நம் பக்கம் அதை இப்போது வலியுறுத்தாமல் இருப்பதே நல்லது.

அச்சு இயந்திரம் வந்த கதை தனி நாடகம். லண்டனிலிருந்து கிறிஸ்தவச் சங்கம் ஒன்று அனுப்பியது. வழியில் பிரேசில் பக்கம் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்துக்கொண்டார்கள். பணம் கட்டி மீட்டார்கள். கூட வந்த அச்சுக்காரர் கடலிலேயே செத்துப்போனார். 1712இல் இயந்திரம் மட்டும் வந்து சேர்ந்தது. அச்சடிக்கத் தெரிந்த ஒரு சிப்பாயைக் கோட்டையில் கண்டுபிடித்து உட்காரவைத்தார்கள். அடுத்த வருஷம் ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துகள் வந்தன, ஒவ்வொன்றும் கொழுகொழுவென்று. அந்த அளவில் அடித்தால் பைபிளுக்குக் காகிதம் காணாது. சின்ன எழுத்து வார்க்க ஈயம்? இங்கிலாந்திலிருந்து வந்த சீஸ் கட்டிகளைச் சுற்றியிருந்த ஈய உறையை உருக்கினார்கள். புதிய ஏற்பாட்டின் முதல் பாகம் 1714இல் பெரிய எழுத்தில். மீதி 1715இல் சீஸ் எழுத்தில். காகிதத்துக்குப் பொறையாரில் ஓர் ஆலை போட்டார்கள். தமிழ் அச்சுக்கு ஈயம் தந்த அந்தச் சீஸை யார் தின்று தீர்த்தார் என்று ஒரு வரி யாராவது எழுதி வைத்திருக்கலாம்.

1714 அக்டோபரில் சீகன்பால்க் ஊர் திரும்பக் கப்பல் ஏறினார். கூட மலையப்பன் என்ற தமிழ் இளைஞர். மாதக்கணக்கான பயணம், வாந்தி எடுக்காத நேரத்தில் லத்தீனில் தமிழ் இலக்கணம் எழுதினார்; சந்தேகம் வந்தால் மலையப்பனைக் கேட்டார். 'கிராமாத்திகா தமுலிகா' 1716இல் ஹாலேயில் அச்சானது. ஐரோப்பாவில் அச்சுப்போட்ட தமிழ் இலக்கணம், நடுக்கடலில் எழுதியது. மலையப்பன் பெயர் அட்டையில் இல்லை என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

சீகன்பால்குக்குக் கிடைத்த பெரிய அடி ஹாலேயிலிருந்துதான் வந்தது. தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளி என்று 1713இல் ஒரு பெரிய புத்தகம் எழுதி, தன் குரு பிராங்கேக்கு அனுப்பியிருந்தார். ஐயனாரிலிருந்து மாரியம்மன் வரை எல்லோரும் அதில் உண்டு. குரு பார்த்தார். புறச்சமயத்தை இந்தியாவில் ஒழிக்கத்தான் ஆளை அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்ப இல்லை என்று ஓரமாக வைத்துவிட்டார். புத்தகம் 1867இல்தான் சென்னையில் அச்சாயிற்று. ஆசிரியர் செத்து 148 வருஷம் கழித்து. மாரியம்மனைத் திருத்த வந்தவர் மாரியம்மன் கோயில் விவரத்தைக் கருத்தாகக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தால் மேலதிகாரிக்கு வயிறு எரியத்தானே செய்யும். சீகன்பால்க் 1719 பிப்ரவரியில், நாற்பதைத் தொடாத வயதில், திரும்பி வந்த தரங்கம்பாடியிலேயே போய்ச் சேர்ந்தார். தான் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்துக்குள்ளேயே அடக்கம்.

பாஷை தெரியாத இடத்தில் மாட்டிக்கொண்டு கையேடு எழுதிய இன்னொருவர் ஜப்பானில் இருந்தார். நகஹாமா மஞ்சிரோ. மீனவப் பையன். 1841இல் பதினாலு வயதில் புயலில் சிக்கி, ஆளில்லாத் தீவில் ஒதுங்கி, அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பலால் காப்பாற்றப்பட்டு, மசாசூசெட்ஸ் வரை போய்ப் படித்தவர். பத்து வருஷம் கழித்துத் திரும்பியவரை, வெளிநாடு போனது குற்றம் என்று குடைந்து குடைந்து விசாரித்தார்கள். பிறகு அமெரிக்கர்கள் பீரங்கிக் கப்பலோடு வந்து நின்றதும் அதே அரசாங்கம் இங்கிலீஷ் சொல்லிக்கொடப்பா என்றது. 1859இல் ஜப்பானியருக்கு அன்றாட ஆங்கில வாக்கியங்களைத் தொகுத்துப் புத்தகம் போட்டார். காதில் விழுந்ததை விழுந்தபடியே ஜப்பானிய எழுத்தில் எழுதினார். வாட்டர் என்பது அவருக்கு 'வாரா'. கோடைக்காலத்துக் குழாயடியில் நம் பெண்களும் அதே உச்சரிப்பைத்தான் கடைப்பிடிக்கிறார்கள். மணி என்ன என்று ஆங்கிலத்தில் கேட்க, 'தோண்டிய கிழங்கை நோண்டாதே' என்ற ஜப்பானிய வாக்கியத்தை வேகமாகச் சொன்னால் போதும் என்று ஒரு வேடிக்கையை ஜப்பானில் அவர் தலையில் கட்டிச் சொல்கிறார்கள். தெருவில் நின்ற அமெரிக்கன் கடிகாரத்தைப் பார்த்துப் பதில் சொல்லியிருந்தால் இலக்கணம் பார்ப்பானேன்?

தரங்கம்பாடிக்குத் திரும்புவோம், அங்கே ஒரு சண்டை பாக்கியிருக்கிறது. காவிரிக்கரைப் பக்கம் உள்ளே, ஏலாக்குறிச்சியில், கத்தோலிக்க இத்தாலியர் ஒருவர் இருந்தார். கொன்ஸ்தான்சோ பெஸ்கி, நம் வீரமாமுனிவர். இவருக்குத் தமிழ் வந்த விதமே வேறு. தேம்பாவணி பாடினார், 1732இல் சதுரகராதி முடித்தார், பல்லக்கில் போனார் என்பார்கள். சீகன்பால்க் வழிவந்த தரங்கம்பாடி லூத்தரன்காரர்களின் தமிழ் அவருக்குச் சிரிப்பாக இருந்தது. லூத்தர் கூட்டத்தின் லட்சணம் என்ன என்று கேட்டு ஒரு புத்தகமே எழுதி, அவர்கள் மொழிபெயர்ப்பைக் கிழித்துத் தோரணம் கட்டினார். அவர்களும் சும்மா இல்லை. ஜெர்மனிக்காரரும் இத்தாலிக்காரரும் உன் தமிழ் மட்டமா என் தமிழ் மட்டமா என்று காவிரி டெல்டாவில் அடித்துக்கொண்டதை உள்ளூர்க்காரர்கள் திண்ணையில் உட்கார்ந்து ரசித்திருக்க வேண்டும்.

ஆனால் பாருங்கள், இதே பெஸ்கி பேச்சுத் தமிழுக்கு லத்தீனில் ஓர் இலக்கணம் எழுதினார். கொடுந்தமிழ் இலக்கணம். கையெழுத்துப் பிரதியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதை 1738இல் அச்சுப்போட்டது யார்? தரங்கம்பாடி லூத்தரன் அச்சகம்! புதிதாக வந்து இறங்கும் பையன்களுக்குச் சமையல்காரனிடம் பேச ஒரு புத்தகம் வேண்டும். அதை நன்றாக எழுதியிருப்பவன் பகையாளி. வேதத்தில் சமரசம் கிடையாது, சாப்பாட்டில் உண்டு.

பெஸ்கி அதோடு நிற்கவில்லை. தமிழ் படிக்கும் பாதிரிமாருக்கு வாசிப்புப் பாடமாக ஒரு கதையும் எழுதிக் கொடுத்தார். அதுதான் பரமார்த்த குரு கதை. பள்ளிக்கூடத்தில் நாம் சிரித்துப் படித்த அந்த மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் ஐந்து பேரும் பிறந்ததே அந்நியனுக்குப் பேச்சுத் தமிழ் பழக்கத்தான். தமிழ் உரைநடையில் ஆதி நகைச்சுவைக் கதைகளில் ஒன்று, நேராகச் சொன்னால், வீட்டுப்பாடம்.

முதல் கதை ஆற்றங்கரையில். ஆறு முழித்திருக்கும்போது இறங்கினால் ஆபத்து, தூங்கும்போதுதான் கடக்க வேண்டும் என்று குரு சொல்கிறார். ஒரு சீடன் கொள்ளிக்கட்டையோடு போய்த் தண்ணீரில் வைக்கிறான். சுர்ரென்று புகை. ஐயோ, முழித்துக்கொண்டிருக்கிறது! பின்னால் அணைந்துபோன அதே கட்டையை வைத்துப் பார்க்கிறான், சத்தமில்லை, தூங்கிவிட்டது. பயந்து பயந்து கடக்கிறார்கள். அக்கரையில் தலை எண்ணினால் ஒருத்தன் குறைகிறான். எண்ணுகிறவன் ஒவ்வொருவனும் தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான். ஒப்பாரி.

இதைவிட நல்ல பாடம் உண்டா? 'போ', 'வா', 'பார்', 'தொடு', 'எண்ணு' எல்லாம் ஒரே கதையில் வந்துவிடுகிறது. ஒன்று இரண்டு மூன்றும் வந்துவிடுகிறது, திரும்பத் திரும்ப. அழவும் சொல்லிக் கொடுக்கிறது. பஸ் ஸ்டாண்டு புத்தகத்தில் 'அந்தக் குதிரை யாருடையது?' என்று பாடம் வைக்கிறவர்கள் குதிரை முட்டை என்று பூசணிக்காய் வாங்கிய குருவிடம் டியூஷன் போக வேண்டும்.

தரங்கம்பாடிச் சொல் சேகரமும் வீணாகவில்லை. பின்னால் வந்தவர்கள் கூட்டிக்கொண்டே போக, பப்ரீசியஸ் என்ற ஜெர்மன்காரர் தமிழுக்கு ஆங்கிலப் பொருள் சொல்லும் அகராதியாக 1779இல் சென்னையில் வெளியிட்டார். ஒரு ஜெர்மன்காரர் இங்கிலீஷ்காரனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த புத்தகம். அவரும் ஜெயிலுக்குப் போனார், கடன் விவகாரத்தில். தமிழ் படித்தவனுக்கு நேரம் சரியிருக்காது என்கிறார்களே, எனக்கு இப்போது அந்த வீட்டுப் பேச்சில் கொஞ்சம் உண்மை இருக்குமோ என்று தோன்றுகிறது. 1845இல் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியையும் வங்காளத்து சிராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு இங்கிலீஷ்காரனிடம் தள்ளிவிட்டுக் கப்பல் ஏறினார்கள். நண்டலாற்றுக்குத் தெற்கே பிரெஞ்சு ராஜ்யம் 1954 வரை ஓடியது. அந்தக் கதையில் இன்னும் பென்ஷன் வாங்குகிற பாத்திரங்கள் இருப்பதால் அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

பரமார்த்த குருவை லண்டனுக்குக் கொண்டுபோனவர் பெஞ்சமின் கை பாபிங்டன். சென்னையில் இங்கிலீஷ் கம்பெனி உத்தியோகம் பார்த்த இளைஞர். 1822இல் தமிழ் மூலம், ஆங்கில மொழிபெயர்ப்பு, சொல் பட்டியல் எல்லாம் வைத்து அச்சிட்டார். முதல் கதையைச் சொல் சொல்லாகப் பிரித்து இலக்கணமும் சொன்னார். ஆக, இந்தியாவுக்குக் கிளம்பும் கம்பெனிப் பிள்ளைகள் 'ஆறு தூங்குகிறதா பார்' என்பதை உருப்போட்டுவிட்டு வரலாம். வந்து தஞ்சாவூர் ஜில்லாவில் ஆற்றுப் பாசனத் தகராறுகளுக்குத் தீர்ப்புச் சொல்லலாம். சில தீர்ப்புகளைப் பார்த்தால் பாடம் நன்றாகவே மனதில் பதிந்திருக்கிறது.

பாபிங்டன் உத்தியோகத்தை விட்டு மருத்துவம் படித்து டாக்டரானார். 1829இல் வாய்க்குள் கண்ணாடி விட்டுத் தொண்டையின் அடியில் குரல்வளையைப் பார்க்க ஒரு கருவி செய்து லண்டன் வைத்தியர்களுக்குக் காட்டினார். இன்றைய குரல்வளைக் கருவிகளுக்கு அது முன்னோடி. ஏன் செய்தார் என்று மருத்துவ வரலாறு பல காரணம் சொல்லும். எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான்: ழகரத்தைத் தேடியிருக்கிறார். தேடிய இடம் தப்பு. அது தொண்டையில் இல்லை, நாக்கு மடிகிற இடத்தில் இருக்கிறது என்று மணலில் கீறும் ஒரு பொடியன் அவரிடம் சொல்லியிருந்தால், லண்டன் வைத்தியத்துக்கு ஒரு கருவி நஷ்டம்.